கன்னி வேட்டை

வேட்டைக் கதை என்றால் நம் இலக்கியக்காரர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. பள்ளிக்கூடத்துப் பையன்கள் படிக்கிற சமாசாரம், ரயிலில் படித்துவிட்டு ஆசனத்திலேயே போட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்பார்கள். புலி வந்தது, துப்பாக்கி வெடித்தது, புலி செத்தது. இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதே நியாயத்தைக் காதல் கதைக்கும் வைத்துப் பாருங்கள். பார்த்தான், தவித்தான், கட்டிக்கொண்டான் அல்லது கட்டிக்கொள்ளவில்லை. அவ்வளவுதானே? சம்பவத்தின் எலும்பை மட்டும் எடுத்து வைத்தால் எந்தக் கதையும் எலும்புதான். சதை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் விமர்சனத்தின் வேலை.

இந்த விஷயத்தைப் பற்றி எழுத எனக்கு ஓர் உள்ளூர்க் காரணமும் உண்டு. நான் சேலம், நாமக்கல் சமவெளிக்காரன். எங்கள் பக்கத்தில் நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும், லாரிக்குக் கூண்டு கட்டுவார்கள், கோழி வளர்ப்பார்கள். வேட்டை என்றால் எங்களுக்கு முயலும் கௌதாரியும் காடையுந்தான். வலையைக் கட்டி, நாயை ஏவி, புதரைத் தட்டி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புகிற வேட்டை அது. பெரிய வேட்டை வேறு. அது மலையில் இருக்கிறது. கிழக்கே பார்த்தால் கொல்லிமலை, சேலத்துக்கு மேலே சேர்வராயன் மலை, அதற்கும் வடக்கே போனால் பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகள். சமவெளிக்காரனுக்குப் பெரிய வேட்டை என்பது வீட்டை விட்டுத் தூரமாகப் போகிற பிரயாணம். முதல் தடவை போகிறவனுக்கு அது இன்னும் தூரம்.

அந்த முதல் பிரயாணத்துக்குத் தமிழில் ஒரு பெயரே இருக்கிறது: கன்னி வேட்டை. அழகான பெயர். இதை வைத்துக்கொண்டு சில வேட்டைக் கதைகளைப் பார்க்கலாம் என்று தோன்றிற்று. எந்த வேட்டைக் கதையிலும் என் மனசுக்குள் எழுகிற கேள்வி ஒன்றுதான்: குண்டு வெடித்து ஓசை அடங்கிய பிறகு யாருடைய குரல் காதில் விழுகிறது?

எங்கள் வட்டாரத்துக் காட்டை உலகம் பூராவும் தெரிய வைத்தவர் ஒரு தமிழ் எழுத்தாளர் அல்ல. பெங்களூர்வாசியான கென்னத் ஆண்டர்சன். ஸ்காட்லாந்து வம்சாவளியில் 1910-ல் பிறந்தவர்; 1974-ல் பெங்களூரிலேயே இறந்தவர். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு கிடைத்த போதெல்லாம் காட்டுக்குக் கிளம்பிவிடுகிற பேர்வழி. அவருடைய முதல் புத்தகம் 1954-ல் வெளிவந்தது: ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு மதயானையையும் பற்றிய கதைகள். 1957-ல் இரண்டாவது. 1959-ல் வந்த மூன்றாவது புத்தகத்தின் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது: சிவனிப்பள்ளியின் கருஞ்சிறுத்தை. தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள சிற்றூர் அது. ஜவளகிரி, கும்மளாபுரம், பென்னாகரம், முத்தூர், சின்னாறு என்று அவர் எழுதுகிற பெயர்கள் எல்லாம் அந்தக் காலத்தில் சேலம் ஜில்லாவும் அதன் எல்லையுமாக இருந்த பிரதேசம். 1965-ல் தர்மபுரி தனி மாவட்டமாயிற்று. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. தெற்கே நாமக்கல் 1997-ல் பிரிந்தது. ஜில்லா மூன்றாகவும் நான்காகவும் ஆகிவிட்டது. ஆனால் ஆண்டர்சன் புத்தகத்தில் அது இன்னும் முழுசாக இருக்கிறது.

அவரிடம் எனக்குப் பிடித்தது எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனிதருக்குக் காது உண்டு. காட்டைக் கண்ணால் பார்த்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர். காதால் கேட்டு எழுதுகிறவர்கள் குறைவு. இருட்டில் பரண்மேல் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கண் எதற்கு? புள்ளிமான் கத்துகிறது, அது நின்று, சற்று தள்ளிக் கடமான் கத்துகிறது, பிறகு குரங்கு. இந்த மூன்று குரல்களையும் ஒரு கோடாக இழுத்துப் பார்த்தால் புலி எந்தப் பள்ளத்து வழியாக இறங்கி வருகிறது என்று தெரிந்துவிடும். ஆண்டர்சன் இதை வாசகனுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. வாசகனையும் பரண்மேல் உட்கார வைத்துவிடுகிறார். காய்ந்து கிடக்கும் சின்னாற்று மணல், அதில் இரவு விழுந்த தடம், கரையோரத்து மூங்கில், கோடையில் எஞ்சி நிற்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழி. இவையெல்லாம் வர்ணனைக்காக வந்தவை அல்ல. கதையின் நகர்வுக்கே வேண்டியவை. தண்ணீர் எங்கே என்று தெரியாவிட்டால் யானை எங்கே என்று தெரியாது. சூழ்நிலையும் சம்பவமும் இப்படிப் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடப்பதை நாவலாசிரியர்களாகிய நாம் அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

குறை என்ன? அவருடைய கதைகளில் ஒரு வகையான ஆரம்பம் திரும்பத் திரும்ப வரும். ஆட்கொல்லியிடம் சிக்கிச் செத்தவனின் கடைசி நிமிஷங்கள். அவன் எதற்காக வெளியே வந்தான், என்ன நினைத்துக்கொண்டிருந்தான், எப்போது திரும்பிப் பார்த்தான் என்று விவரமாகச் சொல்லப்படும். பார்த்தது யார்? பார்த்தவன் செத்துப்போனான், மற்றொரு சாட்சி மிருகம். நாவலாசிரியன் இப்படி எழுதலாம். அவனுக்கும் வாசகனுக்கும் இது கற்பனை என்ற ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் 'இது நடந்தது, நான் பக்கத்தில் இருந்தேன்' என்று சொல்லிக்கொண்டு எழுதுகிறவர் இப்படி எழுதும்போது வாசகனுக்குச் சந்தேகம் வருகிறது. சந்தேகம் புலியைப் பற்றியது அல்ல. கும்மளாபுரத்துச் சிறுத்தைக்கு 42 மனித உயிர்களைக் கணக்குச் சொல்கிறார் ஆண்டர்சன். அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருவனை எடுத்து, அவன் மனசுக்குள் தாம் நினைத்ததை வைத்து, கதைக்கு ஒரு திகிலான வாசல் கட்டிக்கொள்ளலாமா என்பதுதான் என் சந்தேகம். செத்தவனுக்குக் கிடைத்தது வாசல் காவல் வேலை. கதை அவனைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை.

ஆனால் ஜவளகிரிப் புலியின் கதையை அப்படிச் சொல்லித் தள்ளிவிட முடியாது. அவருடைய முதல் புத்தகத்தில் முதலில் இருப்பது அதுதான். அந்தப் பெண்புலி பிறக்கும்போதே ஆட்கொல்லி அல்ல. வெளியூரிலிருந்து துப்பாக்கியோடு வந்த ஒரு துரையின் குண்டு அதைக் கொல்லாமல் காயப்படுத்திவிட்டது. சுட்டவர் ஊருக்குத் திரும்பிவிடலாம். காயம்பட்ட புலியோடு அதே காட்டில் வாழ வேண்டியவர்கள் மாடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும். துரை செய்த பிழைக்குக் கூலி கொடுத்தவர்கள் அவர்கள். முடிவில் ஆண்டர்சன் அந்தப் புலியை எப்படிக் கொல்கிறார்? அது துணையைத் தேடுகிற காலம். ஆண் புலியின் குரலைத் தம் தொண்டையிலிருந்து எழுப்பி அதை அழைக்கிறார். அது நம்பி வருகிறது. சுடுகிறார்.

குமாவூன் மலையில் ஜிம் கார்பெட்டும் 1938-ல் தாக் என்ற ஊரில் ஒரு பெண்புலியை இதே மாதிரி குரல் கொடுத்து அழைத்துத்தான் சுட்டார். சுட்டது நியாயந்தான், ஆட்கொல்லியை விட்டுவைத்தால் நாளைக்கு இன்னொரு பிணம். ஆனால் நியாயமான காரியத்திலும் ஒரு துரோகத்தின் ருசி இருக்க முடியும் என்பதை அந்தக் குரல் நமக்கு உணர்த்திவிடுகிறது. அந்த இடத்தில் வேட்டைக் கதை பையன்களின் புத்தக அலமாரியிலிருந்து இறங்கிப் பெரியவர்களின் மேஜைக்கு வந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

கார்பெட்டைப் பற்றிச் சொன்னதால் அவருடைய கன்னி வேட்டையையும் சொல்லிவிட வேண்டும். 1907-ல் சம்பாவத் என்ற ஊர்ப்பக்கம் 436 பேரைக் கொன்றதாகக் கணக்குள்ள பெண்புலியைத் தேடிப் போனார். ஆட்கொல்லி வேட்டையில் அதுதான் அவருக்கு முதல். 1944-ல் வெளிவந்த புத்தகத்தில் அதை எழுதுகிறார். முதல் இரவு பாதையோரத்து மரத்தடியில் உட்கார்ந்து விடியும்வரை பயத்தில் நடுங்கியதை அவர் மறைக்கவில்லை. அது நல்ல குணம். ஆனால் அதைவிட முக்கியமான இடம் கதையின் கடைசியில் இருக்கிறது. அந்தப் புலி ஒரு பெண்ணைத் தூக்கிப்போனதை அவளுடைய சகோதரி கண்ணால் பார்த்தாள்; பின்னாலேயே ஓடினாள்; அன்றிலிருந்து அவளுக்குப் பேச்சு நின்றுபோயிற்று. புலி செத்த பிறகு கார்பெட் அதன் தோலை அவளிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார். அவளுக்குப் பேச்சு வந்துவிடுகிறது. ஊராரைக் கூவி அழைக்கிறாள்.

வேட்டைக்காரர்கள் புலித்தோலை எங்கே கொண்டுபோவார்கள்? கிளப்புச் சுவருக்கு. கார்பெட் முதலில் அந்தப் பெண்ணிடம் கொண்டுபோனார். அதனால்தான் குண்டு ஓசை அடங்கிய பிறகு அந்தக் கதையில் கேட்கிற குரல் வேட்டைக்காரனுடையது அல்ல. ஊமையாகிப் பேச்சு மீண்ட ஒரு குடியானவப் பெண்ணுடையது. அந்த ஒரு பக்கத்துக்காக அவருடைய மற்றப் பக்கங்களில் உள்ள தற்பெருமையையெல்லாம் மன்னித்துவிடலாம். தற்பெருமை அதிகம் இல்லை என்பதும் உண்மை.

ஆர்வெல் எழுதிய யானைக் கட்டுரையை ஆங்கிலம் படித்தவர்கள் பலரும் படித்திருப்பார்கள். 1936-ல் வந்தது. பர்மாவில் மௌல்மீன் நகரில் போலீஸ் அதிகாரியாக இருந்தபோது, சுட மனசில்லாமலே ஒரு யானையைச் சுட்டதைப் பற்றியது. பின்னால் கூடி நிற்கிற ஜனங்கள் சிரித்துவிடுவார்களே என்பதற்காகச் சுட்டேன் என்கிறார். ஆள்கிறவனே ஆளப்படுகிறவர்களின் கைப்பொம்மை ஆகிவிடுகிறான் என்ற உண்மையை அவ்வளவு நேராகச் சொன்னவர்கள் குறைவு. எல்லாரும் இதைப் புகழ்கிறார்கள், நானும் புகழ்கிறேன். ஆனால் அந்த யானை மிதித்துக் கொன்றது யாரை என்பது நம்மவர்களுக்கே ஞாபகம் இருப்பதில்லை. ஒரு தென்னிந்தியக் கூலியை. திராவிடக் கூலி என்று ஆர்வெலே எழுதுகிறார். அவனுக்குப் பெயர் இல்லை. அவன் செத்தது தமக்குச் சட்டப்படி பாதுகாப்பாகப் போயிற்று என்று அவர் கசப்போடு ஒப்புக்கொள்கிறார். அந்தக் கூலிதான் உண்மையில் வீட்டை விட்டு வெகுதூரம் வந்தவன். அவன் கதையை எழுதியிருக்க வேண்டியவர்கள் நாம். எழுதவில்லை.

இதற்கு முந்திய நூற்றாண்டிலேயே ருஷ்யாவில் துர்கனேவ் வேறொரு வழியைக் காட்டிவிட்டார். 1852-ல் புத்தகமாக வந்த அவருடைய வேட்டைக்காரன் குறிப்புகளில் வேட்டை ஒரு சாக்கு. ஒரு ஜமீன்தார் பறவை சுடப் போகிறார். மழைக்கு ஒதுங்குகிறார், வழி தவறுகிறார், ஒரு குடிசையில் ராத்தங்குகிறார். அங்கே இருப்பவன் பண்ணையடிமை. வேட்டை என்ற சாக்கு இல்லாவிட்டால் அந்தப் பிரபு அந்தக் குடிசைக்குள் தலை நீட்டியிருக்கவே மாட்டார். துப்பாக்கி அங்கே பறவையைச் சுடுவதைவிட அதிகமாக ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. பண்ணையடிமைகளும் நம்மைப்போல யோசிக்கிறவர்கள், பாடுகிறவர்கள், தந்திரம் தெரிந்தவர்கள் என்று படித்தவர்களுக்குத் தெரிந்தது. 1861-ல் அந்த அடிமைமுறை ஒழிந்ததற்கு இந்தப் புத்தகமும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். வேட்டைக் கதையால் இவ்வளவு தூரம் போக முடியும்.

ஆண்டர்சனிடமும் அப்படி ஒரு கதவு திறக்கிறது. பைரன் என்ற பூசாரி இனத்து மனிதனைப் பற்றித் தம் முதல் புத்தகத்தில் தனியாக ஒரு அத்தியாயமே எழுதினார். சின்னாற்றுக் காட்டில் நாட்டுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு காட்டிலாகாவுக்குத் தெரியாமல் வேட்டையாடிப் பிழைக்கிறவன் அவன். சட்டத்தின் பார்வையில் திருடன். ஆண்டர்சன் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை, சிநேகிதனாக்கிக்கொண்டார். காட்டைப் பற்றித் தாம் கற்றதில் பெரும்பகுதி அவன் கொடுத்தது என்பதை மறைக்கவும் இல்லை. ஆண்டர்சன் எழுதியதில் மிகச் சிறந்த மனித சித்திரம் பைரன்தான். ஜனங்களைப் பற்றி எழுதும்போது அவர் பேனாவில் ஒட்டிக்கொள்ளும் துரைத்தனம் அந்த அத்தியாயத்தில் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது.

ஆனால் அங்கேயும் ஒரு கேள்வியை வாசகன் கேட்க வேண்டும். ஒரே காடு. ஒரே மான். லைசென்சு வாங்கிக்கொண்டு பொழுதுபோக்குக்காகச் சுட்டால் அவர் 'ஷிகாரி'. லைசென்சு இல்லாமல் வயிற்றுக்காகச் சுட்டால் அவன் 'திருட்டு வேட்டைக்காரன்'. இந்த வார்த்தைகளை உண்டாக்கியது யார்? காட்டைச் சர்க்காருடையதாக்கிய சட்டம் உண்டாக்கிற்று. அந்தச் சட்டத்துக்கு முந்தியே அந்தக் காட்டில் பைரனுடைய பாட்டன் இருந்தான். ஆண்டர்சனுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அவர் இதைச் சிநேகத்தால் தாண்டிப் போகிறார், யோசனையால் தாண்டவில்லை. கதவைத் திறந்தார், உள்ளே போய் உட்காரவில்லை.

இனி நம்முடைய பழைய கதைகளைப் பார்க்கலாம். 'ஆஹா, அந்தக் காலத்திலேயே நம்மவர்கள்' என்று மேடையில் பேசுகிற தோரணை எனக்குப் பிடிக்காது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் எடுக்கிறேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய கண்ணப்பர் சரித்திரத்தை நாம் பக்திக் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். அதன் முற்பகுதி அசல் வேட்டைக் கதை. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகன் கிழவனாகிவிட்டான். அவன் வேட்டைக்குப் போகாததால் காட்டு மிருகங்கள் பெருகிப் புனத்தில் விளைந்ததை அழிக்கின்றன. வேடர்கள் வந்து முறையிடுகிறார்கள். நாகன் மகன் திண்ணனுக்குத் தலைமையைக் கொடுக்கிறான். தேவராட்டி வந்து பூசை போட்டு வாழ்த்துகிறாள். திண்ணன் கன்னி வேட்டைக்குக் கிளம்புகிறான். ஆக அந்த வேட்டைக்குக் காரணம் பொழுதுபோக்கு அல்ல, பயிர். அது ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை.

அந்த வேட்டைக்கு ஒழுங்கும் இருக்கிறது. யானைக் கன்றை அவர்கள் தொடர்வதில்லை, குட்டிகளைக் கொல்வதில்லை, சினையாக இருக்கிற பிணையைத் துன்புறுத்துவதில்லை. சோழ மந்திரியாக இருந்த ஒரு புலவர் வேடர்களுக்கு இப்படி ஒரு தர்மத்தை எழுதி வைத்திருக்கிறார். 1972-ல் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குச் சுமார் எண்ணூறு வருஷங்களுக்கு முன்பு, வேட்டையின் உச்சகட்ட ஆரவாரத்துக்கு நடுவே, நிறுத்த வேண்டிய இடம் எது என்று ஒரு கவி யோசித்திருக்கிறார்.

பிறகு அந்தப் பன்றி. வலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. கூட்டம் பின்தங்கிவிடுகிறது. திண்ணனோடு கடைசிவரை ஓடிவருகிறவர்கள் இரண்டே பேர்: நாணன், காடன். பன்றி களைத்து ஒரு மரத்தடியில் நின்றுவிட, திண்ணன் வில்லை எடுக்காமல் கிட்டப் போய்ச் சுரிகையால் வெட்டி வீழ்த்துகிறான். இதற்குப் பிறகு கதாபாத்திரங்களுக்குப் பசிக்கிறது! இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். வெகுதூரம் வந்துவிட்டோம், பன்றியைச் சுட்டுத் தின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பலாம் என்கிறார்கள். தண்ணீர் எங்கே என்று கேட்கிறான் திண்ணன். பொன்முகலி ஆறு இருக்கிறது என்கிறான் நாணன். தண்ணீர் தேடிப் போனவன் மலையைப் பார்க்கிறான். மலைமேல் குடுமித்தேவர் இருக்கிறார் என்று நாணன் சொல்ல, ஏறிப் போகிறான். அப்புறம் அவன் வீடு திரும்பவில்லை. காடன் மூட்டிய தீயில் இறைச்சி வேகிறது. ஆனால் அது வேறொருவருக்கு உணவாகிறது. தலைவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அந்த இருவரும் ஊருக்குப் போய்த் தாய் தந்தையரிடம் சொல்கிறார்கள்.

காளத்திநாதரை நம்புகிறவரும் நம்பாதவரும் இந்தக் கதையின் கட்டுக்கோப்பை ரசிக்கலாம். ஆங்கில வேட்டைக் கதைகள் எல்லாம் வீடு திரும்புவதில் முடிகின்றன. போனவன் போனவனாகவே, கூடுதலாக ஒரு தோலோடு திரும்புவான். சேக்கிழாருடைய கன்னி வேட்டையில் போனவன் போனவனாகத் திரும்பவில்லை. வேட்டையாடியவனை ஏதோ ஒன்று வேட்டையாடிவிட்டது. முதல் பெரிய பிரயாணம் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்? போன ஆளே திரும்பி வருவதானால் அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்?

இன்னொன்று எங்கள் நாமக்கல் பக்கத்தது. கொல்லிமலை வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டு. அரசாங்கம் இப்போதும் ஆடி மாதத்தில் ஓரிக்கு விழா எடுக்கிறது. செம்மேட்டில் சிலையும் இருக்கிறது. எல்லா மேடையிலும் பேசப்படுவது அந்த ஒற்றை அம்பு. யானையைச் சாய்த்து, புலியின் வாயைக் கடந்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்து நின்ற அம்பு. அப்பட்டமான மிகை. இதையே ஒரு வெள்ளைக்காரர் எழுதியிருந்தால் சிரித்திருப்போம்.

ஆனால் பாட்டு அந்த அம்போடு முடியவில்லை. இதைச் சொல்கிறவன் வேட்டைக்காரன் அல்ல. வழியில் போகிற ஒரு பாணர் கூட்டம். அவர்களும் ஊரை விட்டுத் தூரம் வந்தவர்கள், பசித்தவர்கள். வேட்டையாடியவன் யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. கூலிக்குக் கொல்கிறவனாகத் தெரியவில்லையே, ஓரியாக இருப்பானோ என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். பாடுகிறார்கள். பாட்டில் அரசனைக் குறிக்கும் சொல் வந்ததும், அது தன்னைக் குறிப்பது என்பதால் அந்த மனிதன் வெட்கப்படுகிறான். உன்னைப்போல வேட்டுவன் இல்லை என்று சொல்ல வருகிறார்கள். சொல்லவிடாமல், தான் கொன்ற மானின் இறைச்சியையும் கள்ளையும், தன் மலையில் கிடைத்த பொன்னையும் கொடுத்து அனுப்பிவிடுகிறான்.

தன் பெயரைக் கேட்டு வெட்கப்பட்ட வேட்டைக்காரன்! வேட்டை இலக்கியம் முழுவதிலும் இவனுக்கு ஜோடி இல்லை. வேட்டைக் கதைக்குப் பிறவி நோய் ஒன்று உண்டு. கொன்றவனே கதை சொல்கிறான். எவ்வளவு அடக்கமானவனாக இருந்தாலும் 'நான்' என்று ஆரம்பிக்காமல் அவனால் சொல்ல முடியாது. வன்பரணர் அந்த நோயை வெகு சுலபமாகத் தீர்த்துவிட்டார். கதை சொல்லும் வேலையைப் பசித்தவர்களிடம் கொடுத்தார். வேட்டைக்காரனுக்கு வெட்கத்தைக் கொடுத்தார். அம்பின் மிகை அதனால்தான் உறுத்தவில்லை. தன்னைப் பற்றித் தானே சொன்னால் புளுகு. சோறு கிடைத்த சந்தோஷத்தில் பிறர் சொன்னால் பாட்டு.

'அப்படியானால் பழையவர்கள் போதுமே, ஆண்டர்சன் எதற்கு?' என்று வாசகர் கேட்கலாம். வேண்டும். ஓரியின் காட்டில் செத்தவர்கள் மிருகங்கள் மட்டுமே. புலி மனிதனைத் தின்ற ஊரின் ராத்திரி அந்தப் பாட்டில் இல்லை. சாயங்காலமே கதவுக்கு முட்டுக் கொடுத்து, உள்ளேயே சட்டியை வைத்துக்கொண்டு, கன்று கத்தினாலும் வெளியே போகப் பயந்து கிடக்கிற குடும்பத்தை ஆண்டர்சனிடந்தான் பார்க்கிறோம். பரணுக்குக் கீழே கட்டப்பட்ட எருமைக் கன்றையும் அவரிடந்தான் பார்க்கிறோம். பிற்காலத்தில் பொழுதுபோக்குக்காகக் கொல்வதை அவரே கண்டித்து எழுதினார். எழுதி எழுதியே ஒருவர் தம் துப்பாக்கியைச் சந்தேகிக்கத் தொடங்கியது சாதாரண விஷயமல்ல.

தமிழிலும் மிருகத்துக்கும் மனிதனுக்கும் நடக்கிற போட்டியை ஆசிரியர் குறுக்கே நிற்காமல் எழுத முடியும் என்பதற்குச் சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' சாட்சி. 1959-ல், சிவனிப்பள்ளிச் சிறுத்தை ஆங்கிலத்தில் வந்த அதே வருஷத்தில் வந்தது. காளை அணையும் களத்துக்கு ஒரு செல்லப்பா கிடைத்தார். சின்னாற்றுக் காட்டுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. அங்கே கதை இல்லாமல் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகற்களைப் பாருங்கள். புலியோடு போராடிச் செத்தவனுக்கு ஊர் எடுத்த கல் எத்தனை! ஒரு பக்கம் மனிதன், எதிரே எழும்பி நிற்கும் புலி, நடுவே ஒரு குத்துவாள். புலிகுத்திக் கல் என்று சொல்வார்கள். வேட்டையில் ஜெயித்தவனுக்கு அல்ல, மாட்டையோ ஊரையோ காக்கப் போய்த் திரும்பாதவனுக்கு எடுத்த கல். துப்பாக்கி இல்லாதவர்கள் எழுதிய வேட்டைக் கதை அது. கொன்றவன் சொல்லவில்லை, எஞ்சியவர்கள் சொன்னார்கள்.

இனி யாரும் லைசென்சு வாங்கிக்கொண்டு புலி சுடப் போக முடியாது. பெரிய வேட்டை முடிந்துபோன விவகாரம். முடிந்தது நல்லது. ஆண்டர்சன் அலைந்த காட்டில் ஒரு பகுதி 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆகியிருக்கிறது. ஆனால் முடிந்துபோன விவகாரத்துக்குத்தான் இலக்கியம் வேண்டும். நடக்கிற விவகாரத்துக்குப் பத்திரிகை போதும். பைரன் தன் பிள்ளைக்குக் கன்னி வேட்டையில் என்ன சொல்லிக்கொடுத்தான், ஜவளகிரியில் புலி செத்த மறுநாள் காலையில் முதலில் கதவைத் திறந்த பெண் யார், பரணுக்குக் கீழே கட்டக் கன்றைக் கொடுத்தவனுக்கு என்ன மிஞ்சிற்று, மௌல்மீனில் யானைக்காலில் செத்த கூலியின் வீட்டுக்குச் செய்தி யார் மூலம் வந்தது. இவையெல்லாம் எழுதப்படாத அத்தியாயங்கள். துப்பாக்கிக்காரர்கள் தங்கள் பங்கை எழுதிவிட்டார்கள். மோசமாகவும் எழுதவில்லை. மற்றவர்களின் பங்கு பாக்கி இருக்கிறது. அதைத் தமிழில்தான் எழுத முடியும். ஏனென்றால் அந்த ராத்திரிகளில், முட்டுக் கொடுத்த கதவுக்குப் பின்னால், அவர்களில் பலர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது தமிழில்தான்.